குவாண்டம் கிணறு மாடுலேட்டர்: ஒளியைக் கூட்டினால் அணைப்பு ஏன் குறைகிறது?

அலைவழி:
வணக்கம். வோல்ட் கொடுத்து ஒளியை அணைத்துத் திறக்கும் மாடுலேட்டர் சில்லு ஒன்றை மூன்று வாரமாக அளந்துகொண்டிருக்கிறேன், ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன். விவரம் இதுதான். இண்டியம் பாஸ்பைடு அடித்தளத்தின் மேல் இண்டியம் காலியம் ஆர்செனைடு பாஸ்பைடு கிணறுகள் (எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் மெல்லிய அடுக்குகள்), மொத்தம் 10. ஒவ்வொன்றின் தடிமனும் ஏறத்தாழ 9 நானோமீட்டர். தடுப்பு அடுக்குகளையும் சேர்த்து மின்புலம் விழும் பகுதி 0.25 மைக்ரான். ஒளி போகும் பாதை 120 மைக்ரான் நீளம், 2 மைக்ரான் அகலம். அலைநீளம் 1550 நானோமீட்டர்.

ஒளியிழையில் 1 மில்லிவாட் அனுப்பி, 2 வோல்ட் பின்னோக்கு சார்பு (டையோடுக்கு எதிர்த்திசையில் கொடுக்கும் வோல்ட்) கொடுத்தால் 12 டெசிபல் அணைப்பு கிடைக்கிறது, அதாவது திறந்த நிலையைவிட ஒளி அவ்வளவு குறைகிறது. நன்றாக இருக்கிறது. 10 மில்லிவாட் அனுப்பினால் அதே 2 வோல்ட்டில் 7 டெசிபல்தான். சில்லுக்குள் நுழையும்போதே பாதி ஒளி இழப்பாகிவிடுகிறது, அதனால் உண்மையில் உள்ளே போவது 5 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைந்த நிலையில், ஒளியை உறிஞ்சுவதால் எழும் ஒளிமின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர். வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் துடிப்புகளின் பின்னால் ஒரு வால் இழுக்கிறது.

வோல்ட் மாறவில்லை, சில்லு மாறவில்லை. ஒளி மட்டும் கூடியிருக்கிறது. எங்கே தேடுவது?

புதுமொட்டு:
அலைவழிக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். அடிப்படைக் கேள்வி ஒன்று. மின்புலம் கொடுத்தால் குறைகடத்தியின் உட்கவர்தல் (ஒளியை உறிஞ்சும் அளவு) மாறும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அது சாதாரணத் தடிமனான அடுக்கிலேயே நடக்கும்தானே? பிறகு எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு 9 நானோமீட்டர் அடுக்குகளாக வளர்க்க வேண்டும்?

மெல்லேடு:
கேட்டது நல்லது. அலைவழியின் சிக்கலுக்கும் விடை இந்தக் கேள்வி வழியாகத்தான் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த அடுக்குகளை வளர்ப்பதுதான் என் வேலை.

தடிமனான அடுக்கிலும் நடக்கும் என்பது சரி. 1958இல் ஃப்ரான்ஸும் கெல்டிஷும் தனித்தனியாகச் சொன்ன விளைவு அது. பட்டை விளிம்பு, அதாவது ஒளி உறிஞ்சப்படத் தொடங்கும் ஆற்றல், மின்புலத்தில் கொஞ்சம் கலங்கி, அந்த ஆற்றல் இடைவெளிக்குக் கீழே ஒரு மெல்லிய வால் நீளும். ஆனால் மாற்றம் வழவழவென்று இருக்கும், கூர்மை இல்லை.

கூர்மையைத் தருவது எக்ஸிட்டான். ஒளித்துகள் ஒன்றை உறிஞ்சும்போது பிறக்கும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை அது. அதனால் பட்டை விளிம்புக்குச் சற்றுக் கீழே உட்கவர்தலில் ஒரு முகடு எழும். காலியம் ஆர்செனைடில் தடிமனான அடுக்கில் இந்தப் பிணைப்பின் ஆற்றல் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஜோடியின் விட்டமோ 25 நானோமீட்டருக்கு மேல். அவ்வளவு தளர்வான ஜோடியை ஒரு சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் என்ற புலமே பிய்த்துவிடும். ஜோடி பிய்ந்தால் முகடும் போய்விடும். நகர்த்துவதற்கு எதுவும் மிஞ்சாது.

இப்போது அதே ஜோடியை 10 நானோமீட்டர் கிணற்றுக்குள் அடையுங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி அதிகமுள்ள பொருளால் சுவர். முதலில், இடம் சுருங்கியதால் இரண்டும் இன்னும் நெருங்குகின்றன, பிணைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அடுத்து, அடுக்குக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால் எலக்ட்ரான் ஒரு சுவர்ப் பக்கமும் துளை எதிர்ச்சுவர்ப் பக்கமும் சாயும். ஆனால் பிரிந்து ஓட முடியாது. சுவர் தடுக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 1 லட்சம் வோல்ட் கொடுத்தாலும் முகடு கலையாமல் அப்படியே நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும்.

நம் ஒளியின் அலைநீளத்தை முகட்டுக்குச் சற்றுத் தள்ளி வைத்திருப்போம். வோல்ட் இல்லாதபோது ஒளி கடந்துபோகும். வோல்ட் கொடுத்தால் முகடு நகர்ந்து வந்து ஒளியின் மேல் ஏறிக்கொள்ளும், ஒளி அணையும். இந்தச் சாதனத்தின் மொத்த உயிரும் அந்தச் சுவரில் இருக்கிறது.

புதுமொட்டு:
புரிகிறது, நன்றி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பு ஆற்றல் 10ஐத் தாண்டவில்லை. வெப்பமே ஜோடியைப் பிரித்துவிடாதா?

மெல்லேடு:
பிரித்துவிடும். காலியம் ஆர்செனைடு கிணறுகளில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.3 பிக்கோவினாடியிலேயே படிக அதிர்வுகள் மோதி ஜோடி உடைந்துவிடுகிறது. ஆனால் அது உடைவது பிறந்த பிறகு. ஒளி உறிஞ்சப்படுவது பிறக்கும் கணத்தில். 0.3 பிக்கோவினாடி ஆயுள் முகட்டை 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு அகலமாக்கும், அவ்வளவுதான். பிணைப்பு அதைவிடப் பெரியது என்பதால் முகடு தனியாகத் தெரிகிறது. தடிமனான அடுக்கில் பிணைப்பு 4 மட்டுமே, அங்கே முகடு விளிம்போடு கலந்து மங்கிவிடும்.

பழைய_சில்லு:
இந்த உரையாடலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1984இல் பெல் ஆய்வகத்தில் டேவிட் மில்லர், டேனியல் ஷெம்லா குழுவினர் இதை அளந்து வெளியிட்டார்கள். காலியம் ஆர்செனைடு கிணறுகள், தடிமன் 9.5 நானோமீட்டர். குவாண்டம் சிறைப்பட்ட ஸ்டார்க் விளைவு என்று பெயரும் அவர்கள் வைத்ததுதான். எக்ஸிட்டான் சிதைய வேண்டிய புலத்தைப்போல் பல பத்து மடங்கு கொடுத்தும் முகடு நின்றது என்பதுதான் அன்றைக்குப் பலரை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி.

அதற்கு வழி செய்தவர்கள் அடுக்கு வளர்த்தவர்கள். 1970இல் எசாகியும் ட்சூவும் மாற்றி மாற்றி அடுக்கும் யோசனையை எழுதினார்கள். மூலக்கூறு கற்றை முறையில் அணு அடுக்கு அளவுக்குத் துல்லியமாக வளர்க்க முடிந்தது. 1974இல் டிங்கிள், வீக்மன், ஹென்றி மூவரும் உட்கவர்தல் நிறமாலையில் கிணற்றின் தனித்தனி ஆற்றல் படிகளையே காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் பெட்டிக்குள் துகள் என்று படிப்போமே, அது ஒரு வரைபடத் தாளில் படிப்படியாக எழுந்து நின்றது. நான் அதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் சீட் என்ற சாதனம் வந்தது. அதே கிணறுகள் ஒளி வாங்கியாகவும் மாடுலேட்டராகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தான் உண்டாக்கும் ஒளிமின்னோட்டமே தன் வோல்ட்டை மாற்றும், அந்த வோல்ட் மறுபடி உட்கவர்தலை மாற்றும். அதைக் கொண்டு ஒளியால் இயங்கும் கணிப்பொறி கட்ட முயன்றார்கள். 1990இல் பெல் ஆய்வகத்தில் ஆலன் ஹுவாங் குழு ஒரு செயல்விளக்கமும் காட்டியது. கணிப்பொறியாக அது நிலைக்கவில்லை, ஆனால் கிணறு நிலைத்தது. இன்றைக்குத் தரவு மையத்துக்குள் ஓடும் ஒளியில் ஒரு பெரும் பங்கு இந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் வெட்டப்படுகிறது.

இழைமுனை:
அலைவழி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது துளைத் தேக்கம். நான் இதே பொருளோடு பல ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன், அறிகுறி கச்சிதமாகப் பொருந்துகிறது.

மெல்லேடு சொன்ன சுவர் எக்ஸிட்டானைக் காப்பாற்றுகிறது, சரி. ஆனால் உறிஞ்சி முடிந்த பிறகு அந்த எலக்ட்ரானும் துளையும் வெளியேறியாக வேண்டுமே. அப்போது அதே சுவர் எதிரியாகிவிடுகிறது. இண்டியம் காலியம் ஆர்செனைடு பாஸ்பைடு வகையில் இரண்டு பொருள்களின் இடைவெளி வேறுபாட்டில் 40 சதவீதம்போல எலக்ட்ரான் பக்கம், 60 சதவீதம்போலத் துளைப் பக்கம். இலேசான எலக்ட்ரானுக்குத் தாழ்ந்த சுவர், கனமான துளைக்கு உயர்ந்த சுவர். எலக்ட்ரான் சில பிக்கோவினாடிகளில் தாண்டிப் போய்விடும். துளைக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

ஒளி குறைவாக இருந்தால் பரவாயில்லை. கூட்டினால் துளைகள் கிணற்றில் குவியும். குவிந்த மின்னூட்டம் நீங்கள் கொடுக்கும் புலத்துக்கு எதிராக ஒரு புலத்தை உண்டாக்கும். கிணறு உணரும் புலம் குறையும், முகடு பின்வாங்கும், அணைப்பு குறையும். துடிப்புக்குப் பின்னால் இழுக்கும் வால் மெதுவாக வடியும் துளைகள்தான். 10 கிகாபிட்டில் ஒரு பிட்டுக்கு 100 பிக்கோவினாடி. அதற்குள் வடியாவிட்டால் அடுத்த பிட்டில் தெரியும்.

தீர்வு: இண்டியம் காலியம் அலுமினியம் ஆர்செனைடுக்கு மாறுங்கள். அங்கே பங்கீடு தலைகீழ். 70 சதவீதம்போல எலக்ட்ரான் பக்கம் போய்விடும், துளைக்குச் சுவர் தாழ்ந்துவிடும்.

மெல்லேடு:
அந்தத் தீர்வைச் சொல்வது எளிது. அலுமினியம் உள்ள அடுக்கைச் செதுக்கிக் காற்றில் காட்டினால் பக்கச் சுவர் உடனே ஆக்சிஜனேற்றம் அடையும். லேசரை அதன் பக்கத்திலேயே மறுபடி வளர்த்து இணைக்கும்போது அந்த இணைப்பில் வரும் தொல்லையைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். முடியாது என்று சொல்லவில்லை, இன்று செய்கிறார்கள். ஒரு மாணவர் முதல் யோசனையாக எடுக்கக்கூடியது அல்ல.

கால்வோல்ட்:
நான் மின்சுற்றுப் பக்கத்து ஆள். பொருளை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. அலைவழி, 2 வோல்ட் என்று சொன்னீர்களே, அது எங்கே அளந்த 2 வோல்ட்? மின்வழங்கியின் திரையிலா, சில்லின் முனையிலா? நடுவில் மின்தடை ஏதாவது இருக்கிறதா?

5 மில்லி ஆம்பியர் சின்ன மின்னோட்டம் இல்லை. வழியில் 100 ஓம் இருந்தால் அங்கேயே அரை வோல்ட் போய்விடும்.

இரண்டாவது, சூடு. சில்லு உறிஞ்சும் ஒளி ஏறத்தாழ 4 மில்லிவாட். அதோடு 5 மில்லி ஆம்பியரை 2 வோல்ட்டால் பெருக்கினால் இன்னொரு 10. ஆக 14 மில்லிவாட் 120 மைக்ரான் நீளத்தில் இறங்குகிறது. அதுவும் சமமாக அல்ல. ஒளி நுழையும் முனையில்தான் பெரும்பகுதி உறிஞ்சப்படும், முதல் சில பத்து மைக்ரான்தான் கொதிக்கும். இந்த வகைச் சில்லுகள் கூடுதல் ஒளியில் எரிந்துபோகும்போது நுழைமுனையில் எரிவது இதனால்தான்.

இழைமுனை:
மின்தடை வால் இழுக்காது கால்வோல்ட். வால் இருக்கிறதே.

கால்வோல்ட்:
வாலுக்குத் துளைதான் காரணம் என்பதை ஏற்கிறேன். 5 டெசிபல் இழப்பு முழுவதுக்கும் அதுவே காரணம் என்பதைத்தான் இன்னும் ஏற்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இழைமுனை:
சரி, நியாயம். அப்படியானால் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சூடானால் பட்டை இடைவெளி சுருங்கும், முகடு நீண்ட அலைநீளத்துக்குப் போகும். அணைந்த நிலையிலும் திறந்த நிலையிலும் உட்கவர்தல் கூடும். புலம் குறைந்தால் நேர்மாறு, முகடு குறுகிய அலைநீளத்துக்கு வரும். வலுவான ஒளியை 1550இலேயே நிலையாக வைத்துக்கொண்டு, மெல்லிய இரண்டாவது லேசர் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, அலைநீளத்தை மாற்றிக்கொண்டே அந்த வெட்டின் தாளத்தில் வருவதை மட்டும் படிக்கும் லாக்-இன் பெருக்கியில் அதன் ஒளிமின்னோட்டத்தை மட்டும் படியுங்கள். முகடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் புலம் குறைந்தது துளையாலா மின்தடையாலா என்று இது சொல்லாது. அதற்குச் சில்லின் முனையில் நேரடியாக வோல்ட் அளக்க வேண்டும்.

புதுமொட்டு:
நடுவில் வருகிறேன். புலம் போதவில்லை என்றால் கிணற்றை அகலமாக வளர்க்கலாமே? மெல்லேடு, அகலம் கூடினால் நகர்வு கூடும்தானே?

மெல்லேடு:
கூடும், அதுவும் பயங்கரமாக. நகர்வு புலத்தின் இருபடிக்கும் அகலத்தின் நான்காம் படிக்கும் ஏற்பக் கூடும். 10 நானோமீட்டர் கிணற்றை 12 ஆக்கினால் அதே வோல்ட்டில் நகர்வு இரண்டு மடங்கு. 2 நானோமீட்டர் என்பது சில அணு அடுக்குகள். வளர்ப்பவர் கை கொஞ்சம் தவறினால் சாதனமே வேறாகிவிடும், இதனால்தான் நாங்கள் எக்ஸ் கதிர் அளவீட்டை மாற்றி மாற்றிச் சரிபார்க்கிறோம்.

ஆனால் அகலக் கிணற்றில் எலக்ட்ரானும் துளையும் எதிரெதிர்ச் சுவருக்குப் போய்விட்டால் இரண்டின் அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று படிவது குறையும். முகடு நகரும், ஆனால் உயரம் குறைந்துகொண்டே வரும். இன்னும் அகலமாக்கினால் தடிமனான அடுக்கின் குணமே வந்துவிடும், ஜோடி பழையபடி தளர்ந்துவிடும். பெரும்பாலோர் 8 முதல் 12 நானோமீட்டருக்குள் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த இழுபறிதான்.

அலைவழி:
எல்லோருக்கும் நன்றி. கால்வோல்ட் கேட்ட கேள்விக்கு இன்று பதில் கிடைத்துவிட்டது. சார்பு கொடுக்கும் வழியில், சில்லைக் காப்பாற்ற முன்பு யாரோ வைத்த 150 ஓம் மின்தடை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. எனக்குத் தெரியாது. 5 மில்லி ஆம்பியரில் 0.75 வோல்ட் அங்கே விழுந்திருக்கிறது. 1 மில்லிவாட்டில் மின்னோட்டம் அதில் பத்தில் ஒரு பங்குதான், அதனால் கண்ணில் படவில்லை.

டையோடு சந்தியில் இயல்பாகவே இருக்கும் உள்ளமைந்த வோல்ட் 0.9 என்று எடுத்துக்கொண்டால், மொத்தம் 2.9 இருக்க வேண்டிய இடத்தில் 2.15 இருந்திருக்கிறது. இருபடிக் கணக்கில் நகர்வு 55 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

மின்தடையை எடுத்துவிட்டு, மின்வழங்கியில் மின்னோட்ட வரம்பு வைத்து அளந்தேன். 10 மில்லிவாட்டில் 10 டெசிபல் வருகிறது. வால் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு லேசர் அளவீட்டை வியாழனன்று செய்கிறேன்.

கால்வோல்ட்:
மகிழ்ச்சி. ஒரு சின்னக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லின் மின்தேக்கம் 100 ஃபெம்டோ ஃபாரட் போல இருந்தால், 50 ஓமோடு சேர்ந்து 32 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஒரு பிட்டுக்கு ஆகும் ஆற்றல், மின்தேக்கத்தை வோல்ட் இருபடியால் பெருக்கி நான்கால் வகுத்தால், 2 வோல்ட்டுக்கு 100 ஃபெம்டோ ஜூல். லித்தியம் நியோபேட் மாடுலேட்டர் சென்டிமீட்டர் கணக்கில் நீளும். உங்களுடையது 120 மைக்ரான். கிணற்றின் மேல் எனக்கு இருக்கும் பற்றுக்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

இழைமுனை:
லித்தியம் நியோபேட்டையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது ஒளியை உறிஞ்சாமல் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தின் நிலையை) மட்டும் மாற்றுகிறது, அதனால் துளைத் தேக்கம், ஒளிமின்னோட்டச் சூடு எதுவும் இல்லை. அலைநீளத்தைப் பற்றியும் வெப்பநிலையைப் பற்றியும் அவ்வளவாகக் கவலைப்படாது. நம் சில்லில் உட்கவர்தல் விளிம்பு ஒரு டிகிரிக்கு அரை நானோமீட்டர்போல நகர்கிறது. பக்கத்தில் இருக்கும் லேசரோ 0.1 நானோமீட்டர்தான் நகர்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறிவிடக் கூடாது என்றுதான் குளிரூட்டியை அடியில் வைக்கிறோம்.

இன்னொன்று, உட்கவர்தல் மாறும்போது ஒளிவிலகல் எண்ணும் கூடவே மாறும். கிராமர்ஸ்–குரோனிக் தொடர்பு அதைக் கட்டாயமாக்குகிறது. அதனால் துடிப்பின் ஓரங்களில் அலைநீளம் இலேசாகச் சறுக்கும். 1550இல் சாதாரண இழை ஒரு கிலோமீட்டருக்கு 17 பிக்கோவினாடி வீதம் ஒவ்வொரு நானோமீட்டரையும் பிரித்துப்போடும், தொலைவு கூடினால் சறுக்கல் தெரியும். தொலைதூரத்துக்கு லித்தியம் நியோபேட், குறுந்தொலைவுக்குக் கிணறு என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

பழைய_சில்லு:
சிலிக்கான் மேலேயே இதைச் செய்ய முடியுமா என்று யாரும் கேட்கவில்லையே. 2005இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்மானியம் கிணறுகளில் அதே விளைவைக் காட்டினார்கள், சிலிக்கான்–ஜெர்மானியம் சுவர்களுக்கு நடுவில். ஜெர்மானியம் ஒளி உமிழ்வதற்கு மோசமான பொருள் என்று எல்லோரும் ஒதுக்கிவைத்தது. ஆனால் அதன் நேரடி இடைவெளி 0.8 எலக்ட்ரான் வோல்ட், மறைமுக இடைவெளிக்குச் சற்றுதான் மேலே. அந்த ஆற்றலில் உட்கவர்தல் கூர்மையாகவே எழுகிறது. மாடுலேட்டருக்கு உமிழ்வு தேவையில்லை, உட்கவர்தல் போதும். அத்தனை பேர் பார்த்தும் விட்டுவிட்ட இடத்தில் அது இருந்தது என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

அலைவழி:
வியாழன் அளவீடு முடிந்தது. மின்தடை இல்லாமல், வலுவான ஒளி இருக்கும்போதும் இல்லாதபோதும் முகட்டைப் பார்த்தேன். வலுவான ஒளி விழும்போது முகடு குறுகிய அலைநீளத்தின் பக்கம் வருகிறது. அதாவது புலம் குறைகிறது, சூடு இங்கே முதன்மைக் காரணம் இல்லை. முனையில் வோல்ட் சரியாக 2 இருப்பதையும் கூடவே அளந்துவிட்டேன். மீதி 2 டெசிபல் துளைகளுடையதுதான். இழைமுனை சொன்னது சரி.

சார்பை 2.5 வோல்ட்டுக்கு ஏற்றினால் வால் தெளிவாகக் குட்டையாகிறது. சுவரைத் தாண்டப் புலம் உதவுகிறது என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் திறந்த நிலையின் இழப்பும் கூடிவிடுகிறது.

மெல்லேடு:
சரியாகப் புரிந்துகொண்டீர்கள். அடுத்த முறை வளர்க்கும்போது பொருளை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது. தடுப்பு அடுக்கின் கலவையைக் கிணற்றின் பக்கம் கொஞ்சம் நெருக்கி, துளைக்கான சுவரைத் தாழ்த்துங்கள். எக்ஸிட்டான் முகடு சற்று மழுங்கும், 1 மில்லிவாட்டில் கிடைக்கும் 12 டெசிபல் 11 ஆகக்கூட இறங்கலாம். 10 மில்லிவாட்டில் கிடைப்பது அதற்குப் பக்கத்தில் நிற்கும். கிணற்றுக்கும் கடைசிக் கவச அடுக்குக்கும் இடையில் படிப்படியாகக் கலவை மாறும் அடுக்கு ஒன்றும் வையுங்கள். வெளியே வந்த துளை அந்த இடத்தில் இன்னொரு முறை மாட்டிக்கொள்வது உண்டு.

அலைவழி:
அந்தக் கடைசி இடத்தை நான் யோசிக்கவே இல்லை. இப்போதிருக்கும் அமைப்பில் அங்கே திடீர் மாற்றம்தான் இருக்கிறது. வரைபடத்தை மாற்றி எழுதுகிறேன். புதிய சில்லு வந்ததும் இதே உரையாடலில் எண்களைப் போடுகிறேன்.